நிலக்கரி ஊர்களில் புதுத் தொழில் ஏன் எளிதில் முளைப்பதில்லை?

ஒரு நிலக்கரிச் சுரங்கம் மூடப்படப் போகிறது என்ற செய்தி வந்ததுமே எல்லோர் வாயிலும் வந்துவிடும் சொல், தொழில்முனைவு. வேலை போகிறவர்கள் சொந்தமாகத் தொழில் தொடங்கட்டும், பயிற்சி கொடுப்போம், கடனுக்கு ஏற்பாடு செய்வோம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்ன வேகத்தில் இது எந்தச் சுரங்கப் பகுதியிலும் நடந்ததில்லை. அங்கே தொழில் முளைக்காததற்கு ஆட்களிடம் இல்லாத குறையைக் காரணமாகச் சொல்கிறார்கள். உண்மையில் குறை இருப்பது ஆட்களைச் சுற்றி. அதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில், மாற்றம் என்று எதைச் சொல்கிறோம்? பல பத்தாண்டுகளாக நிலக்கரியை நம்பியே வாழ்ந்த ஒரு வட்டாரம், அது இல்லாமல் பிழைக்க வேண்டிய கட்டத்துக்கு வருவதைத்தான். காரணம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் பூமிக்கடியில் கரி தீர்ந்துவிடுகிறது. சில இடங்களில் வெளிநாட்டுக் கரியோ எரிவாயுவோ மலிவாகக் கிடைக்கிறது. இப்போது சூரிய மின்சாரமும் காற்றாலையும் விலையில் போட்டிக்கு வந்துவிட்டன. பருவநிலை ஒப்பந்தங்களும் சேர்ந்துகொண்டன. எதுவானாலும் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். மேற்கு ஜெர்மனியில் 1957-ல் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். ஜெர்மனியின் கடைசி கருநிலக்கரிச் சுரங்கம் (பழுப்பு நிலக்கரி வேறு வகை) பொட்ராப் நகரில் மூடப்பட்டது 2018 டிசம்பரில். நடுவில் 61 ஆண்டுகள். இரண்டு தலைமுறைக் கதை இது.

ஒரே முதலாளி இருந்த ஊர்

சுரங்கத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் வாங்கத்தான் தெரியும், தொழில் செய்யும் துணிச்சல் கிடையாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. தினமும் பல நூறு மீட்டர் ஆழத்தில் இறங்கி, தலைக்கு மேலிருக்கும் பாறையை நம்பி வேலை செய்கிறவரிடம் துணிச்சல் இல்லை என்று எப்படிச் சொல்வது? விஷயம் வேறு.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பெஞ்சமின் சினிட்ஸ் 1961-ல் ஒரு கட்டுரையில் நியூயார்க்கையும் பிட்ஸ்பர்க்கையும் ஒப்பிட்டார். நியூயார்க்கில் சின்னச் சின்ன நிறுவனங்கள் ஏராளம். பிட்ஸ்பர்க் எஃகும் நிலக்கரியும் ஆண்ட ஊர். ஒரு சில பெரிய நிறுவனங்கள்தான் எல்லாம். சின்ன நிறுவனங்கள் நிறைந்த ஊரில், புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டியது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்: வாடகைக்குச் சின்ன இடம், சிறு அளவில் சரக்கு கொடுக்கும் சப்ளையர், சின்னக் கடன் கொடுத்துப் பழகிய வங்கி. பெரிய நிறுவன ஊரில் அவை இல்லை, ஏனென்றால் அங்கே அவற்றுக்குத் தேவையே இருந்ததில்லை. அதைவிட முக்கியமாக, கடை வைத்திருப்பவரின் பிள்ளை சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே வியாபாரம் கற்றுக்கொள்கிறது. சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சினிட்ஸ் சொன்னதை எட்வர்ட் கிளேசர், சாரி கெர், வில்லியம் கெர் ஆகிய மூவரும் 2015-ல் வெளியான ஆய்வில் தரவுகளைக் கொண்டு சோதித்தார்கள். 1900-ல் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் இருந்த அமெரிக்க நகரங்களில் பெரிய நிறுவனங்கள் ஆதிக்கம் செலுத்தின. பல பத்தாண்டுகள் கழித்தும் அங்கே புதுத் தொழில்கள் குறைவாகவே இருந்தன. சுரங்கம் போன பிறகும் அதன் பழக்கம் ஊரை விட்டுப் போகவில்லை.

நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. நல்ல ஃபிட்டர், நல்ல எலெக்ட்ரீஷியன் எல்லோரையும் சுரங்கம் கூடுதல் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்ளும். பழுது பார்க்கச் சொந்தப் பட்டறை, சொந்தக் குடியிருப்பு, சொந்த மருத்துவமனை எல்லாம் வைத்துக்கொள்ளும். வெளியே இருக்கும் ஒருவர் விற்க, வாங்க எதுவும் மிச்சமிருக்காது. ஆலமரத்தடியில் மற்ற செடிகள் வளராத நிலைதான். மரம் விழுந்த மறுநாளே செடி முளைக்கவில்லையே என்று மண்ணைக் குறை சொல்லக் கூடாது.

ஆக, இந்த ஊர்களில் தொழில்முனைவை ஊக்குவிப்பது என்றால் மேடை போட்டுத் தன்னம்பிக்கை உரை நிகழ்த்துவது அல்ல. அந்தப் பெரிய முதலாளி இருந்ததால் ஊரில் உருவாகாமலே போனவற்றை ஒவ்வொன்றாக உருவாக்கித் தருவதுதான்.

நிலம்

பலர் யோசிக்காத விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மனியின் பெரிய நிலக்கரி வட்டாரமான ரூர் பகுதியில் 1950-களிலும் 60-களிலும் பெரும்பாலான நல்ல தொழில் நிலம் சுரங்க, எஃகு நிறுவனங்களின் கையில் இருந்தது. புதிய தொழிற்சாலை வந்தால் தங்கள் ஆட்களை இழுத்துக்கொள்ளும் என்ற பயத்தில் அவர்கள் நிலத்தை விற்கவே மறுத்தார்கள். ரூர் வரலாற்றை எழுதுபவர்கள் இதை நில முடக்கம் என்றே குறிப்பிடுகிறார்கள். தொழில் தொடங்க ஆள் இருந்தாலும், பணம் இருந்தாலும், கால் ஊன்ற இடம் கிடைக்காது.

நிலம் கிடைத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. பழைய சுரங்க நிலத்தில் தார், கன உலோகங்கள் போன்ற கழிவுகள் ஊறியிருக்கும். கீழே தோண்டிய குடைவுகளால் தரை உள்வாங்கும். ஒரு சின்னத் தொழிலதிபர் மண் பரிசோதனைக்குப் பணம் கட்டி, மாசு இருந்தால் அதற்கும் பொறுப்பேற்று, அப்புறம் கட்டடம் கட்டி, அப்புறம் தொழில் தொடங்க முடியாது. அதனால்தான் ரூர் அடங்கிய வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தின் அரசு 1980-ல் ஒரு நில நிதியைத் தொடங்கியது. கைவிடப்பட்ட சுரங்க, ஆலை நிலங்களைப் பொதுப்பணத்தில் வாங்கி, சுத்தம் செய்து, சாலையும் கழிவுநீர்க் குழாயும் போட்டு, அதன் பிறகு தொழில்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. விளம்பரம் தேடாத இந்த மாதிரி வேலைக்குத்தான் பலன் அதிகம் என்பது என் கருத்து.

அறிவுக்கும் இதே கதைதான். 50 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த ரூரில், போஹும் பல்கலைக்கழகம் 1965-ல் கதவைத் திறக்கும்வரை நவீன காலத்தில் ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. டோர்ட்மண்டில் 1968-ல் இன்னொன்று வந்தது. 1985-ல் அதன் பக்கத்திலேயே ஒரு தொழில்நுட்ப மையம் கட்டி, புதிய நிறுவனங்களுக்குச் சின்னச் சின்ன அறைகளை வாடகைக்கு விட்டார்கள். முதல் சுரங்க நெருக்கடி வந்தது 1950-களின் இறுதியில். கணக்குப் போட்டுப் பாருங்கள், இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறதென்று.

ஒரு பெரிய ஆலைக்குப் பதில் இன்னொன்று

காத்திருக்கப் பொறுமை இல்லாத அரசுகள் வழக்கமாக வேறு வழியைப் பிடிக்கும்: பெரிய தொழிற்சாலை ஒன்றை அழைத்து வருவது. போஹுமில் பழைய சுரங்க நிலத்தில் ஓப்பல் கார் ஆலை 1962-ல் திறந்தது. உச்சத்தில் 20,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். பெல்ஜியத்தின் லிம்பர்க் நிலக்கரிப் பகுதியில், ஹெங்க் நகருக்கு 1964-ல் ஃபோர்டு வந்தது. இரண்டுமே ஐம்பது ஆண்டுகள் ஓடின. இரண்டுமே 2014 டிசம்பரில், அதாவது ஒரே மாதத்தில் மூடப்பட்டன.

ஐம்பது ஆண்டுகள் சோறு போட்ட ஆலையைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை. பல குடும்பங்கள் அதனால் கரையேறின. ஆனால் ஒரே முதலாளியை நம்பியிருக்கும் நோய் குணமாகவில்லை. அது சுரங்கத்திலிருந்து காருக்கு மாறியது, அவ்வளவுதான். பெல்ஜிய லிம்பர்க்கில் இன்னொன்றும் செய்தார்கள். சுரங்க மறுசீரமைப்புக்கு ஒதுக்கிய பணத்தை வைத்து 1994-ல் எல்.ஆர்.எம். என்ற முதலீட்டு நிறுவனத்தை உருவாக்கினார்கள். மானியமாக ஒரே தடவையில் கொடுத்துத் தீர்க்காமல், வட்டாரத்தின் சிறு நிறுவனங்களில் பங்காகவும் கடனாகவும் போட்டு, திரும்பி வரும் பணத்தை மறுபடி முதலீடு செய்கிறது அது. ஃபோர்டு போன பிறகும் அந்தப் பணம் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய வாட்டர்ஸ்கை சுரங்க வளாகம் இன்று தோர் பார்க் என்ற தொழில்நுட்பப் பூங்கா.

கையில் மொத்தமாகப் பணம் கொடுத்தால்?

ருமேனியாவின் நிலக்கரிப் பகுதியான ஜியு பள்ளத்தாக்கில் 1997-ல் அதைத்தான் செய்தார்கள். தாமாக விலகும் சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பல மாதச் சம்பளம் மொத்தமாகக் கிடைக்கும் என்றதும் ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். பணம் வந்தது. ஆனால் அதைப் போட்டு என்ன தொழில் செய்வது, யாரிடம் விற்பது என்று சொல்ல ஆளில்லை. மாற்று வேலையும் இல்லை. பெரும்பாலோர் கையில் அது அன்றாடச் செலவில் கரைந்தது. ஒரே பள்ளத்தாக்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலையிழந்தால் கடை வைத்தாலும் வாங்குவதற்கு ஆள் வேண்டுமே.

இப்படிப்பட்ட இழப்பீட்டுப் பணம் வேறு விதமாகப் பயன்பட்ட இடமும் உண்டு. தெற்கு வேல்ஸின் டவர் சுரங்கத்தை, லாபமில்லை என்று சொல்லி 1994-ல் அரசு நிறுவனமான பிரிட்டிஷ் கோல் மூடியது. அங்கே வேலை செய்த 239 தொழிலாளிகள், தொழிற்சங்கத் தலைவர் டைரோன் ஓ'சல்லிவன் முன்னின்று நடத்த, தங்கள் இழப்பீட்டிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்ட் போட்டார்கள். சுரங்கத்தைத் தாங்களே வாங்கினார்கள். 1995 ஜனவரியில் மறுபடி திறந்து, கரி தீரும்வரை, 2008 ஜனவரிவரை, நடத்தினார்கள். மூடியே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்ட சுரங்கம் 13 ஆண்டுகள் ஓடியது.

ஏன் இது நடந்தது? 8,000 பவுண்டை ஒருவர் தனியாக வைத்திருந்தால் ஒரு சின்னக் கடைக்குத்தான் வரும். 239 பேர் சேர்ந்தபோது அது ஒரு நிறுவனத்துக்கு முதலாகியது. தெரியாத தொழிலில் குதிக்கவில்லை. கரியை எடுக்கவும் தெரியும், யார் வாங்குவார்கள் என்பதும் தெரியும். ஒருவரையொருவர் பல ஆண்டுகளாக அறிந்தவர்கள். தொழில்முனைவு என்றதும் தனி ஒருவரின் படம்தான் நம் மனதில் வருகிறது. சங்கமும் கூட்டுறவும் ஊறிய சுரங்க ஊர்களில் கூட்டாகத் தொடங்குவதுதான் இயல்பான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்பெயினில் இதற்கு வசதியான ஒரு விதி இருக்கிறது. வேலையிழந்தவர் தனக்கு மாதாமாதம் வர வேண்டிய உதவித்தொகையை மொத்தமாக வாங்கி, சொந்தத் தொழிலிலோ தொழிலாளர் கூட்டுறவிலோ முதலாகப் போடலாம். ஜெர்மனி வேறு வழி வைத்திருக்கிறது: வேலையில்லாக் காலத்து உதவித்தொகை பெறுகிறவர் தொழில் தொடங்க ஒப்புதல் பெற்றால், முதல் ஆறு மாதம் அந்தத் தொகையும் கூடவே 300 யூரோவும் கிடைக்கும். தொழில் காசு பார்க்கும்வரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் இல்லையா, அதற்குத்தான்.

ஏற்கெனவே இருக்கும் தொழிலதிபர்கள்

இந்தப் பேச்சில் எப்போதும் விடுபட்டுப்போகும் ஒரு கூட்டம் உண்டு: சுரங்கத்துக்கு ஒப்பந்த வேலை செய்யும் சிறு நிறுவனங்கள். ஒரு பட்டறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். சுரங்கத்தில் கூரையைத் தாங்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்களைக் கழற்றி, சீல் மாற்றி, அழுத்தம் சோதித்துத் திருப்பி அனுப்புவது அவர்கள் வேலை. கூடவே கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டிக் கொடுப்பார்கள். உரிமையாளர் முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்கிறார். ஆனால் அவருக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர். விலைப்பட்டியல் அச்சடித்ததில்லை, விற்பனைக்கு ஆள் வைத்ததில்லை, இணையதளம் கிடையாது. சுரங்க அதிகாரி போனில் கூப்பிடுவார், இவர் போய் எடுத்து வருவார். சுரங்கம் மூடினால் அந்தப் பன்னிரண்டு பேரும் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் வரமாட்டார்கள்.

இவருக்குத் தொழில் தொடங்குவது எப்படி என்ற பயிற்சி எதற்கு? இரண்டாவது வாடிக்கையாளர்தான் தேவை. கன்வேயர் பெல்ட் துறைமுகத்தில் இருக்கிறது, சிமென்ட் ஆலையில் இருக்கிறது, தானியக் கிடங்கில் இருக்கிறது. ஹைட்ராலிக் சிலிண்டர் கட்டுமான இயந்திரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அங்கே போய் நிற்க அவருக்குத் தரச் சான்றிதழ் வேண்டும், சில மாதம் தாக்குப்பிடிக்க நடைமுறை மூலதனம் (அன்றாடச் செலவுக்கான பணம்) வேண்டும், முதல் கதவைத் தட்டக் கூட வர ஒரு ஆள் வேண்டும். சுரங்கம் இன்னும் ஓடும்போதே, அதன் வருமானம் வந்துகொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் பன்னிரண்டு வேலைகள் தப்பும். புதிதாகப் பன்னிரண்டு வேலைகளை உருவாக்குவதைவிட இது எவ்வளவோ எளிது, செலவும் குறைவு.

அவர் வங்கிக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். வங்கி பிணை கேட்கும். அவரிடம் இருப்பது வீடும் பட்டறைக் கட்டடமும். சுரங்கம் மூடும் செய்தி வந்த அன்றே இரண்டின் மதிப்பும் இறங்கத் தொடங்கிவிட்டது. அதாவது கடன் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் கடன் வாங்கும் தகுதி குறைகிறது. இந்த ஓட்டையைத் தனியார் வங்கி அடைக்காது. கடனில் ஒரு பங்குக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தால்தான் அடைபடும். நிலக்கரி போன்றவற்றை விட்டு மாறும் வட்டாரங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் ஏற்படுத்திய நியாயமான மாற்றத்துக்கான நிதியில், 2018 விலை மதிப்பில், 1,750 கோடி யூரோ இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கு உதவுவது அதன் நோக்கங்களில் ஒன்று. பணம் இல்லை என்பதைவிட, பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைக்குப் புரியும் வடிவத்தில் அது போய்ச் சேருவதில்லை என்பதுதான் இங்கே பிரச்சினை. நூறு பக்க விண்ணப்பத்தை நிரப்ப அவரிடம் அலுவலகம் இல்லை.

முதல் ஆர்டர்

புதுத் தொழிலுக்கு மானியத்தைவிட முதல் ஆர்டர் பெரிது. இதில் அரசு நினைத்தால் நேரடியாகவே உதவ முடியும், ஏனென்றால் சுரங்கம் மூடுவதே ஒரு பெரிய வேலை. தண்டவாளங்களை அகற்ற வேண்டும், குழிகளை மூட வேண்டும், நீர் இறைக்க வேண்டும், மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும், மரம் நட வேண்டும். இதையெல்லாம் ஒரே டெண்டராக விட்டால் வெளியூர்ப் பெரிய நிறுவனம்தான் எடுக்கும். துண்டு துண்டாகப் பிரித்தால் உள்ளூர்ச் சிறு நிறுவனம் போட்டியிடலாம். ஐரோப்பியப் பொதுக் கொள்முதல் விதிகளில், ஒப்பந்தத்தைப் பிரிக்காவிட்டால் ஏன் பிரிக்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும் என 2014-லிருந்தே இருக்கிறது.

ரூரின் எம்ஷர் ஆறு இதற்கு நல்ல சாட்சி. சுரங்கக் குடைவுகளால் தரை இறங்கிக்கொண்டே இருந்ததால், பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் போட முடியவில்லை. அதனால் அந்த ஆறே நூறாண்டுக்கு மேல் திறந்த சாக்கடையாக ஓடியது. சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து தரை நிலைபெற்ற பிறகு, 1992-ல் ஆற்றை மீட்கத் தொடங்கி, 2021-ன் இறுதியில் கழிவுநீர் கலக்காத ஆறாக்கினார்கள். செலவு 500 கோடி யூரோவுக்கு மேல். இப்படிப்பட்ட வேலை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால், நீர்ச் சுத்திகரிப்பு, மண் பரிசோதனை, குழாய்ப் பொறியியல் தெரிந்த நிறுவனங்களுக்கு ஒரு சந்தை உருவாகிவிடும். அங்கே கற்றதை மற்ற ஊர்களுக்கும் விற்கலாம்.

வெளியே விற்பது என்பது முக்கியம். வேலையிழந்த இருபது பேர் இருபது சலூன் திறந்தால், ஊரில் இருக்கும் அதே பணம்தான் கை மாறும். அந்தப் பணமும் குறைந்துகொண்டே வரும். வெளியூர்ப் பணத்தை உள்ளே கொண்டுவரும் தொழில் பத்து இருந்தால்தான் உள்ளூர்க் கடைகள் நிற்கும்.

எல்லோரும் முதலாளி ஆக வேண்டியதில்லை

ஐம்பத்தைந்து வயதில், நுரையீரலில் தூசியோடு வெளியே வருகிறவரிடம் தொழில் தொடங்கு என்று சொல்வது நியாயமில்லை. அவருக்கு ஓய்வூதியமும் மருத்துவமும்தான் கொடுக்க வேண்டும். தொழில்முனைவைக் காரணம் காட்டி அந்தக் கடமையிலிருந்து யாரும் நழுவக் கூடாது.

கற்றுக்கொள்ள மனமில்லை என்று இளையவர்களைச் சொல்வதும் தவறு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பைக்வில் ஊரில் பிட் சோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் சுரங்கத்தில் வேலையிழந்தவர்களைப் பயிற்சி கொடுத்து எடுக்கப் போவதாக அறிவித்தது. சுமார் பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் 900-க்கும் மேல். நிறுவனத்தைத் தொடங்கியவர்களும் சுரங்கத் தொழிலோடு தொடர்புடையவர்களே. ஆள் இருக்கிறார்கள், இடம்தான் இல்லை. பக்கத்து மேற்கு வர்ஜீனியாவில் கோல்ஃபீல்ட் டெவலப்மென்ட் என்ற அமைப்பு வாரத்தை மூன்றாகப் பிரிக்கிறது: 33 மணி நேரம் சம்பள வேலை, 6 மணி நேரம் கல்லூரிப் படிப்பு, 3 மணி நேரம் சொந்த வளர்ச்சிக்கான வழிகாட்டல். சம்பளத்தோடு கற்பதால் வீட்டுக் கவலை இல்லாமல் கற்க முடிகிறது.

பட்டியலுக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். ஜார்க்கண்டின் தன்பாத், ஜாரியா வட்டாரங்களில் சைக்கிளில் கரி மூட்டை ஏற்றித் தள்ளிச் சென்று விற்கிறவர்கள் எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் இல்லை. இழப்பீடு என்றாலும் கடன் என்றாலும் ஆவணம் கேட்பார்கள். இவர்களுக்கான முதல் உதவி, இப்படி ஒரு தொழில் செய்தார் என்று சான்று கொடுப்பதுதான்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் லட்ரோப் பள்ளத்தாக்கில் ஹேசல்வுட் அனல்மின் நிலையமும் அதன் சுரங்கமும் மூடப்படும் என்று 2016 நவம்பரில் அறிவித்து 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஐந்தே மாதம். நெதர்லாந்தில் 1965 டிசம்பரில் அமைச்சர் யோப் டென் ஆய்ல், சுரங்க நகரமான ஹேர்லனுக்கே வந்து, சுரங்கங்கள் மூடப்படும் என்று அறிவித்தார். கடைசிச் சுரங்கம் 1974-ன் இறுதியில் மூடியது. ஒன்பது ஆண்டு அவகாசம் கிடைத்தும், அரசு அலுவலகங்களைக் கொண்டுவந்தும், ஹேர்லன் பல ஆண்டுகள் வேலையின்மையில் தவித்தது. 2008-ல் அதே ஊர் பழைய சுரங்கங்களில் நிறைந்த வெதுவெதுப்பான நீரை வைத்துக் கட்டடங்களைச் சூடாக்கத் தொடங்கியது. அறிவிப்புக்கும் இதற்கும் இடையில் 43 ஆண்டுகள்.

அதனால் ஒரு திட்டம் பலித்ததா என்று பார்க்க விரும்பினால், எத்தனை புது நிறுவனங்கள் பதிவாகின என்ற எண்ணை மட்டும் கேட்காதீர்கள். மானியத்துக்காகப் பதிவு செய்து மூடுவது எளிது. ஐந்து ஆண்டு கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன, அவற்றில் எத்தனைக்குச் சுரங்கத்துக்கு வெளியே வாடிக்கையாளர் இருக்கிறார், பழைய ஒப்பந்தப் பட்டறைகளில் எத்தனை தப்பின என்று கேளுங்கள். இந்த எண்களை யாரும் சேகரிக்கவில்லை என்றால், சுரங்கம் மூடும் தேதிக்கு முன்பே சேகரிக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.